நாடக மேடையின் இசையரசர் செங்கோட்டை கிட்டப்பா

முத்தமிழ் உடையோம் என்று பெருமை பேசாத தமிழர் இல்லை. அம்மூன்றனுள் இயற்றமிழ் ஏட்டில் ஏறிப் பிழைத்துக்கொண்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு புலவர் யாத்த செய்யுளை இன்று ஜோகுபாளையத்தில் வளரும் நம் பிள்ளைகள் அச்சுப் புத்தகத்தில் படித்தறிய முடிகிறது. இசையும் நாடகமும் அப்பேறு பெறவில்லை. பாடகர் வாய் மூடிய மாத்திரத்தில் குரல் காற்றோடு போயிற்று. திரை விழுந்த மாத்திரத்தில் கூத்து இருளோடு போயிற்று. பாணரும் விறலியரும் பாடினர் என்று சொல்ல நூல்கள் உண்டு. எவ்வாறு பாடினர் என்று கேட்க வழியில்லை.

அந்தக் குறை நம் நாட்டில் நீங்கத் தொடங்கியது 1902-ஆம் ஆண்டில். லண்டனிலிருந்து கெய்ஸ்பெர்க் என்னும் நிபுணர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகியரின் குரலை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் தமிழ்ப் பாடகர்களின் குரல்களும் தட்டில் ஏறின. அவ்வாறு ஏறியவற்றுள், கேட்போரை இன்றும் செய்யும் வேலையை நிறுத்தி நிற்கவைக்கும் குரல் ஒன்று உண்டு. அதுவே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல். அவர் மண்ணில் வாழ்ந்தது இருபத்தேழு ஆண்டுகளே. அவருடைய நடிப்பைக் கண்ட கண்கள் மூடிவிட்டன. அவர் சினிமாவில் தோன்றினாரல்லர். ஆகவே உருவமும் அசைவும் நமக்கு எட்டவில்லை. எஞ்சியிருப்பன சில இசைத்தட்டுகளே. அத்தட்டுகளைக் கொண்டு அம்மனிதரின் வரலாற்றை ஒருவாறு அறிந்துகொள்வதும், அத்தட்டுகளில் அவருடன் கேட்கும் மற்றொரு கைவண்ணத்தை மறவாதிருப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் குடும்பமும்

கிட்டப்பா 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் செங்கோட்டையில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராமகிருஷ்ணன். நாடு அறிந்த பெயர் கிட்டப்பா. பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துக்களில் ஒன்று ஊரையும் மற்றொன்று தந்தையாரையும் குறிப்பன.

செங்கோட்டை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள அழகிய ஊர். குற்றாலத்துச் சாரல் அங்கும் வீசும். நெல்லைச் சீமையின் பேச்சும் பழக்கமும் உடைய ஊராயினும், கிட்டப்பா பிறந்த காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோதுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. எனவே தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே பிறந்த தமிழர் அவர் என்று கூறினும் பிழையாகாது. கன்னட நாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி ஒரு தனி நெருக்கத்தைத் தருகிறது.

ரயில்வே ஊழியராகிய நமக்கு மற்றொரு நெருக்கமும் உண்டு. கொல்லத்திலிருந்து புனலூர் வழியாக மலையைக் குடைந்து வரும் இருப்புப்பாதை 1904-ஆம் ஆண்டில் செங்கோட்டையைத் தொட்டது. பதின்மூன்று கண் பாலமும் சுரங்க வழிகளும் உள்ள அப்பாதையை அறியாத தென்னிந்திய ரயில்வேக்காரர் இருக்கமாட்டார். பாதை திறந்த இரண்டாம் ஆண்டில் கிட்டப்பா பிறந்தார். பிற்காலத்தில் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி ரயில் வண்டியிலும் நாடகக் கொட்டகையிலுமே கழிந்தது. நாடகக் கம்பெனிகள் அந்நாளில் திரைச்சீலைகளையும் உடுப்புப் பெட்டிகளையும் மரச் சாமான்களையும் ரயிலேற்றிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றன. இருப்புப்பாதை இல்லையேல் அந்நாடக உலகம் அவ்வளவு விரிந்திராது.

கங்காதர ஐயரின் குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. அந்நாளில் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகச் சபைகள், குரல் உள்ள பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சோறும் துணியும் தந்து, பாட்டும் வசனமும் கற்பித்தன. வறுமையுற்ற பெற்றோர் பலர் பிள்ளைகளை அங்கு அனுப்பினர். கிட்டப்பாவும் உடன்பிறந்தார் சிலரும் அவ்வாறே இளவயதில் நாடகத்துக்குச் சென்றனர். எழுத்துப் பள்ளி அவருக்கு வாய்த்தது சிறிதே. அவர் படித்த பள்ளி நாடக மேடையே.

சுவாமிகளின் சபையில்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய சமரச சன்மார்க்க நாடக சபையில் கிட்டப்பா பயிற்சி பெற்றார். 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் தோன்றி 1922-இல் மறைந்த சுவாமிகள், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை எழுதித் தமிழ் மேடைக்கு ஓர் ஒழுங்கை அமைத்துத் தந்தவர். அவருடைய நாடகங்களில் வசனம் குறைவு; பாட்டு மிகுதி. சந்தமும் சிலேடையும் நிறைந்த அப்பாடல்களைப் பிழையின்றி உச்சரிக்காத பையன் அச்சபையில் நிலைக்க இயலாது. கிட்டப்பாவின் தட்டுகளில் ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிபோல் தெளிவாக விழுவதை நாம் இன்றும் கேட்கலாம். அத்தெளிவு அங்கு விதைக்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம்.

பின்னர் அவர் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். காட்சி அமைப்பில் கன்னையாவுக்கு நிகர் அந்நாளில் இல்லை. அவருடைய தசாவதாரம் நாடகத்தைக் காண மக்கள் திரள் திரளாக வந்தனர். கண்ணைப் பறிக்கும் அத்தனை ஆடம்பரத்தின் நடுவே, ஒரு சிறுவனின் குரல் மக்கள் காதைப் பற்றி இழுத்தது. முதலில் பெண் வேடங்களிலும், குரல் முதிர்ந்தபின் ராஜபார்ட் எனப்படும் தலைவன் வேடங்களிலும் கிட்டப்பா பெரும்புகழ் எய்தினார். கன்னட நாட்டில் குப்பி வீரண்ணாவின் கம்பெனி எவ்வாறு வீட்டுப்பெயராய் விளங்கிற்றோ, அவ்வாறே தமிழ்நாட்டில் கன்னையா கம்பெனி விளங்கிற்று என்றால் இங்குப் பிறந்து வளர்ந்த நம் இளைஞர்களுக்கு எளிதில் விளங்கும்.

குரலும் சுருதியும்

அந்நாளில் ஒலிபெருக்கி கிடையாது. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த கொட்டகையில், கடைசி வரிசைத் தரை டிக்கட்டுக்காரருக்கும் பாட்டு எட்டவேண்டும். எட்டாவிட்டால் அவர் சும்மா இருக்கமாட்டார். ஆகவே நாடகப் பாடகர்கள் உயர்ந்த சுருதியில் பாடிப் பழகினர்.

சுருதியைக் கட்டை என்று அளப்பது நம் வழக்கம். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாய் எண்ணி, எந்தக் கட்டையை ஆதார சட்ஜமாகக் கொள்கிறோமோ அந்த எண்ணால் சொல்லுவர். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்று இரண்டு கட்டைக்குள் அடங்குவர். கிட்டப்பாவோ பெண் குரலுக்கு உரிய உயர்ந்த சுருதியில் நின்று, அதற்குமேலும் தாரஸ்தாயியில் மின்னலெனச் சென்று வருவார். அவ்வளவு மேலே செல்லும் குரல்கள் பெரும்பாலும் கீச்சென்று மெலியும், அல்லது கூச்சலாய்க் கெடும். அவர் குரல் மெலியவும் இல்லை, கெடவும் இல்லை. அங்கு நின்று அதிவேகமான பிருகாக்களை உதிர்த்துவிட்டு, எடுத்த இடத்துக்கே வந்து அமர்வதுதான் அவருடைய தனிச்சிறப்பு. குருகுலத்தில் ஆண்டுக்கணக்காய் அமர்ந்து கற்றவரல்லர் என்றும், பெரும்பாலும் கேள்வியினாலேயே கற்றார் என்றும் அவரை அறிந்தோர் கூறுவர். கச்சேரி வித்வான்களும் அவர் நாடகத்துக்கு வந்து கேட்டு மகிழ்ந்தனர்.

பக்கத்தில் இருந்த கை

இனி அந்த மற்றொரு கையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாடக மேடையின் ஓரத்தில், காலால் மிதித்துக் காற்றூட்டும் பெரிய ஹார்மோனியத்தின் முன் ஒருவர் அமர்ந்திருப்பார். நடிகர் பாடும்போது அவர் வாசிப்பார். நடிகர் மூச்சு வாங்கும்போது பின்பாட்டுப் பாடி இடைவெளியை நிரப்புவார். நடிகர் சுருதி தவறினால் தாங்கிக்கொள்வார். அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். விளக்கு வெளிச்சம் அவர்மேல் விழாது. கிட்டப்பாவுக்கு அவ்வாறு அமர்ந்தவர் அவருடைய சகோதரர் காசி ஐயரே.

ஹார்மோனியத்தின் வரலாறு விந்தையானது. பிரெஞ்சு நாட்டின் பாரிஸ் நகரில் டெபேன் என்பவர் 1840-ஆம் ஆண்டில் இக்கருவிக்கு உரிமை பெற்றார். பியானோ வாங்க வசதியில்லாத சிறு மாதாகோவில்களுக்கும் வீடுகளுக்கும் அது உதவிற்று. பாதிரிமாருடன் கப்பலேறி அது இந்தியா வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறுகையால் வாசிக்குமாறு அதைச் சிறிதாக்கினார். பார்சி நாடகக் கம்பெனிகளும் மராத்தி நாடகங்களும் அக்கருவியைத் தழுவிக்கொண்டன. தமிழ் நாடகமும் தழுவிக்கொண்டது. உரத்த ஒலியும், இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்கவேண்டாத எளிமையும் கொட்டகைக்கு ஏற்றனவாயிருந்தன.

ஆயின் கர்நாடக சங்கீத உலகம் அதைத் தன் மேடையில் ஏற்கவில்லை. காரணம் வெளிப்படை. நம் இராகங்களுக்கு உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்வதும், ஒரு சுரத்தையே அசைத்து நிறுத்துவதும் இன்றி இராகம் இல்லை. வயலினின் விரலுக்கு அது கைவரும். ஹார்மோனியத்தின் கட்டைக்குக் கைவராது. கட்டையை அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் நிற்கும், இடைப்பட்ட இடம் அதற்கு இல்லை. இக்காரணம் கொண்டே அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஹார்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கிற்று. முப்பது ஆண்டுகள் கடந்து, 1970-களில்தான் அத்தடை தளர்ந்தது.

குறை உண்மையே. ஆனால் அக்குறையுள்ள கருவியைக் கொண்டு காசி ஐயர் என்ன செய்தார் என்பதே நம் கேள்வி. அவர் கிட்டப்பாவின் ஒவ்வோர் அசைவையும் பிரதி எடுக்க முயலவில்லை. குரல் வழுக்கிச் செல்லும் இடத்தில் கருவி ஒதுங்கி ஆதாரத்தைத் தாங்கி நிற்கிறது. குரல் சுரம் சுரமாய் உதிரும் இடத்தில் கருவியும் உடன் ஓடுகிறது. குரல் நிற்கும் இடத்தில் கருவி அந்த முடிவை ஒருமுறை திருப்பிச் சொல்லி அடுத்த அடிக்கு வழி விடுகிறது. தன்னால் ஆகாததை அறிந்து ஒதுங்குவதும், ஆவதைக் குறையின்றிச் செய்வதும் பக்கவாத்தியத்தின் தருமம். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே கம்பெனியில் வளர்ந்து, எண்ணற்ற இரவுகள் ஒன்றாய் விழித்தவர்களுக்கன்றி அந்த இணக்கம் எளிதில் அமையாது.

இலங்கைப் பயணமும் கொடுமுடிக் குயிலும்

கிட்டப்பாவுக்கு 1924-ஆம் ஆண்டில் கிட்டம்மாளுடன் திருமணம் நடந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அவர் நாடகம் ஆட இலங்கை சென்றார். தமிழ்நாட்டு நாடகக்காரர்களுக்கு இலங்கை அந்நாளில் இரண்டாம் தாயகம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், ரயிலில் தனுஷ்கோடி சென்று அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு செல்வது வழக்கமாயிற்று. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அப்பாதையும் அழிந்தது.

கொழும்பு நகரில் அப்போது பெரும்புகழோடு நடித்துக்கொண்டிருந்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். வறிய குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக ரயில் வண்டியில் பாடிக்கொண்டிருந்த அவருடைய குரலைக் கேட்டு வியந்து நாடகத்துக்கு வழிகாட்டியவர், தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாயிருந்த திருச்சி எப். ஜி. நடேச ஐயர் என்று கூறுவர். ரயில்வேக்காரர் தமிழிசைக்குச் செய்த தொண்டுகளில் இது தலையாயது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் வள்ளி திருமணம் முதலிய நாடகங்களில் சேர்ந்து நடித்தனர். இவை ஸ்பெஷல் நாடகங்கள் எனப்பட்டன. காண்டிராக்டர் ஒருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களை ஒரே இரவுக்கு வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் நாடகம் அனைவருக்கும் மனப்பாடம்; ஆயினும் யார் எந்தப் பாட்டை எடுப்பார், எந்த வினாவைத் தொடுப்பார் என்பது மேடையேறிய பின்னரே தெரியும். இங்ஙனம் எதிரெதிர் நின்று பாடிய இருவரும் ஒருவர் குரலை ஒருவர் மதித்தனர்; மதிப்பு அன்பாயிற்று. 1927-ஆம் ஆண்டில் மாயவரத்தில் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர். இருவரும் சேர்ந்து தாமே நாடகக் குழு அமைத்துப் பல ஊர்களிலும் நடித்தனர். கதரணிந்து, தேசியப் பாடல்களை மேடையில் பாடி, விடுதலை இயக்கத்துக்கும் துணை நின்றனர்.

அவ்வாழ்வு நெடுநாள் அமைதியாய் நடைபெறவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனவேறுபாடு தோன்றிப் பிரிவும் வந்தது. அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்து, புகழின் உச்சியில் இருந்த இருவரும் உள்ளத்தில் எவ்வளவு துயருற்றிருந்தனர் என்பதை உலகுக்குக் காட்டின. பிறர் வீட்டுத் துயரை ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவது நமக்குத் தகாது. மேடையில் முருகனும் வள்ளியுமாய்த் தோன்றியவர்களும் நம்மைப்போன்ற மனிதரே என்று அறிந்து மேலே செல்வோம்.

மூன்றேகால் நிமிடம்

கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களின் தொடக்கத்திலும் வெளிவந்தன. அத்தட்டுகள் இன்றைய இளைஞர்கள் கண்டிராத பொருள். பத்து அங்குலம் விட்டமுள்ள கரிய வட்டம். நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. ஒரு பக்கம் ஓடும் காலம் ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம். சோட்டாநாகபுரிக் காடுகளில் பூச்சி கக்கும் அரக்கோடு கல்மாவும் கரிப்பொடியும் கலந்து செய்தது. கைதவறினால் ஓடு போல் உடையும். பெட்டியின் பக்கத்திலுள்ள சாவியை முறுக்கி, எஃகு ஊசியைப் பொருத்திப் பாடவைக்கவேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றவேண்டும். தேய்ந்த ஊசி தட்டைச் சுரண்டிக் குரலைக் கெடுத்துவிடும்.

மேடையில் ஒரு பாட்டை அரைமணி நேரம் விரித்துப் பாடியவர் கிட்டப்பா. மக்கள் மீண்டும் மீண்டும் கேட்க, அவரும் சலியாது பாடுவார். அவர் இங்கு மூன்றேகால் நிமிடத்துக்குள் அடங்கவேண்டும். பெரிய வித்வான்கள் சிலருக்கு இது சிறைபோல் இருந்தது. தட்டுக்குப் பாடுவதைத் தவிர்த்தோரும் உண்டு. கிட்டப்பாவுக்கு அச்சிறு இடமே போதுமானதாயிற்று. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தைத் தொட்டு, பல்லவியை நிறுத்தி, சொல்லுக்கு உரிய பாவத்தைக் காட்டி, சுரத்தையும் உதிர்த்து, தட்டு முடியும் நொடிக்கு முன் நிறைவு செய்துவிடுவார். கேட்பவர்க்கு அவசரம் தோன்றாது.

தியாகராஜ சுவாமிகளின் எவரனி என்னும் கிருதியை அவர் தேவாமிருதவர்ஷிணி இராகத்தில் பாடிய தட்டு தமிழகமெங்கும் ஒலித்தது. கச்சேரிகளில் அருகியே கேட்கும் அவ்விராகம் டீக்கடை வாசலில் நிற்பவர்க்கும் பழக்கமாயிற்று. வள்ளி திருமணத்தில் வேடனாய் வந்த முருகன் தினைப்புனத்தில் வள்ளியைக் கண்டு பாடும் காயாத கானகத்தே என்னும் பாட்டு மற்றொன்று. வள்ளலாரின் கோடையிலே இளைப்பாற்றி என்னும் செய்யுளை அவர் விருத்தமாய்ப் பாடிய தட்டு பிறிதொன்று. முதலாவது சங்கீத வித்வானுக்கு உரியது. இரண்டாவது நாடக ரசிகனுக்கு உரியது. மூன்றாவது பக்தனுக்கு உரியது. மூன்றையும் ஒரே குரல் பாடிற்று. சபையில் அமர்ந்தவர்க்கும் தெருவில் நின்றவர்க்கும் இடையே அந்நாளில் இருந்த சுவரை இத்தட்டுகள் தாழ்த்தின. சீட்டு வாங்கக் காசில்லாதவர்க்கும், கொட்டகைக்குச் செல்ல வீட்டில் அனுமதியில்லாத பெண்மக்களுக்கும் கிட்டப்பாவின் பாட்டு எட்டியது தட்டின் வழியேதான்.

மறைவும் அதன் பின்னும்

1931-ஆம் ஆண்டில் காளிதாஸ் என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. நாடக நடிகர்கள் ஒவ்வொருவராய் சினிமாவுக்குச் செல்லலாயினர். கிட்டப்பா அவ்வழி செல்லுமுன் காலம் அவரைக் கொண்டது. இரவு முழுதும் உச்சக்குரலில் பாடி, பகலில் பயணம் செய்து, ஓய்வின்றி உழைத்த உடல் தளர்ந்தது, நோயும் சேர்ந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். வயது இருபத்தேழும் மூன்று திங்களும்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளாடை உடுத்து, அணிகலன் துறந்து, ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1935-ஆம் ஆண்டில் நந்தனார் படத்தில் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாராகவே வேடம் தாங்கினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-இல் ஔவையாராகத் தோன்றி ஒவ்வொரு வீட்டின் பாட்டியுமானார். 1980-இல் மறையும்வரை அவ்விரதம் குலையவில்லை. கிட்டப்பாவின் வழியைப் பின்பற்றி உயர்ந்த சுருதியில் பாடிய டி. ஆர். மகாலிங்கம் 1945-இல் ஸ்ரீவள்ளி படத்தில் புகழெய்தினார். அக்குரலைக் கேட்ட முதியோர் கிட்டப்பாவை நினைந்து கண்கலங்கினர் என்பர். மூலத்தையும் அதன் வழிவந்ததையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட நமக்கு இன்று வாய்ப்புண்டு. தட்டு இல்லையேல் அதுவும் இல்லை.

நாம் செய்யத்தக்கது

நம் காலனியில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாய் உள்ளன. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு ரயில் நிலையத்துக்கு வண்டி ஓடத் தொடங்குமுன்பே, அல்சூர்ப் பக்கத்தில் தமிழர் குடியேறிவிட்டனர். வந்தவர்கள் மூட்டையில் அரிசியும் பாத்திரமும் மட்டும் கொண்டுவரவில்லை; பாட்டையும் கொண்டுவந்தனர். பிற்காலத்தில் சிறிது வசதி வந்தபோது, தவணையில் கிராமபோன் வாங்கியவர்களும் உண்டு. அப்பெட்டிகள் பழஞ்சாமான் கடைக்குச் சென்றுவிட்டன. தட்டுகள் மட்டும் சில வீடுகளில் பரண்மேலும் கட்டிலின் கீழும் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் இடித்துக் கட்டும்போதும் முதலில் குப்பைக்குச் செல்வன அவையே. ஒரு தட்டு உடைந்தால் பொருட்சேதம் சில ரூபாய்தான். ஆனால் மறு பிரதி இல்லாத தட்டாயின், உடைவது ஒருவருடைய குரல்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். எவர் வீட்டிலேனும் பழைய தட்டு இருப்பின், அடுக்கிவைக்காமல் புத்தகம்போல் நிறுத்திவையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் காத்திடுங்கள். ஈரத்துணியால் அழுந்தத் தேய்க்காதீர்கள். சங்கத்துக்குச் செய்தி அனுப்பினால், பாடவைக்கும் கருவி உள்ளவர்களைக் கொண்டு குரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தட்டைப் பத்திரமாய்த் திருப்பித் தரலாம். கிட்டப்பாவின் பாடல்கள் பல இன்று கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு மாலை அவற்றைக் கேட்கச் செய்யுங்கள். முதலில் இரைச்சலே கேட்கும். அரை நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும். தமிழ்ச் சொல்லை எவ்வாறு அழுத்தந் திருத்தமாய் உச்சரிப்பது என்பதற்கு அதனினும் நல்ல பாடம் நாம் கற்பிக்க இயலாது.

கேட்கும்போது குரலை மட்டும் கேளாமல், அதன் கீழே ஒலிக்கும் ஹார்மோனியத்தையும் கேட்கச் சொல்லுங்கள். அலுவலகத்திலும் பட்டறையிலும் நம்முள் பெரும்பாலோர் கிட்டப்பாக்கள் அல்லர், காசி ஐயர்களே. வண்டி நேரத்துக்குச் சென்றால் ஓட்டுநரைப் பாராட்டுவர். கணக்கு எழுதினவரையும் கைகாட்டி இறக்கினவரையும் எவரும் நினையார். நினையாவிடினும் அவர் இல்லாமல் வண்டி ஓடாது. செங்கோட்டை வீட்டில் பிறந்த இருவருள் ஒருவர் பாடினார், ஒருவர் தாங்கினார். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அவ்விருவரும் ஒரே தட்டில் பிரியாதிருக்கின்றனர்.

கிட்டப்பாவின் புகழ் ஓங்குக! அவர்க்குத் துணைநின்ற காசி ஐயரின் பெயரும் நிலைபெறுக! நம் சங்கமும் தமிழும் தழைக்க!